மண்ணாங்கட்டி என்று ஒரு பெயர்

போன வைகாசியில் எங்கள் பங்காளி வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை எனக்குத் தம்பி முறை. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது சித்தப்பாவோடு நானும் அச்சகத்துக்குப் போயிருந்தேன். கணினியில் தட்டிக்கொண்டிருந்த பெண், தாளைப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் கையை நிறுத்தினாள்.

"ஐயா, இங்க மண்ணாங்கட்டின்னு எழுதியிருக்கு. இது..."

"பேருதாம்மா" என்றார் சித்தப்பா. குரல் தணிந்திருந்தது.

மாப்பிள்ளையின் தாத்தா பெயர் அது. என் தாத்தாவோடு கூடப் பிறந்த மூத்தவர். நாங்கள் பெரிய தாத்தா என்று கூப்பிடுவோம். ரேஷன் கார்டு, பத்திரம், சிட்டா எல்லாவற்றிலும் மண்ணாங்கட்டிதான். ஆனால் தம்பிக்கு அந்தப் பெயர் பத்திரிகையில் வருவதில் இஷ்டமில்லை. "பொண்ணு வீட்டுல எல்லாம் படிச்சவங்கண்ணா, சிரிப்பாங்க. வெறும் 'ம'ன்னு இனிஷியல் போட்டுட்டு விட்டுடலாம்" என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தான். சித்தப்பாவும் அரை மனதாகத்தான் இருந்தார். எனக்கு வந்த கோபம் தம்பி மேல் இல்லை. ஒரு சொல்லை எங்கிருந்து எடுத்து எங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டோம் என்கிற கோபம். அது இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கம் இந்தப் பெயர் அபூர்வமில்லை. வயதானவர்களின் பெயர்களில், அவர்கள் பிள்ளைகளின் சான்றிதழில் தகப்பன் பெயராக, இன்றும் கண்ணில் படும். பெற்ற பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப் போனால் அடுத்துப் பிறப்பதற்கு அழகான பெயர் வைக்க மாட்டார்கள். குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துவந்து குப்பை, குப்புசாமி, குப்பம்மாள் என்பார்கள். பிச்சை எடுத்த மாதிரி வாங்கிப் பிச்சை என்பார்கள். தெற்கே மூக்கைக் குத்தி மூக்கன், மூக்காயி. கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை விலைக்கு வாங்கியதாகக் கணக்குக் காட்டுகிற வழக்கமும் இருந்தது. மண்ணாங்கட்டியும் இந்த வரிசைதான். எமன் வாசலில் வந்து நின்று "உள்ளே என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சாமி, ஒரு மண்ணாங்கட்டி கிடக்கு" என்று தாய் சொல்கிற பொய் அது. எமனும் திரும்பிப் போய்விடுவான். பெரிய தாத்தாவுக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை என்று ஆயா, அதாவது என் பாட்டி, சொல்லிக் கேட்டிருக்கிறேன். இவர் எண்பது வயதுக்கு மேல் இருந்தார்.

அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடும்போது ஊரில் ஒருவர் குரலிலும் இளப்பம் இருந்து நான் கேட்டதில்லை. "மண்ணாங்கட்டி மாமா, ஏரியில தண்ணி எவ்ளோ நிக்கிது?" என்பார்கள். ஒருவரைத் திட்டவும் அதே சொல்தான். இரண்டும் ஒரே தெருவில், ஒரே நாளில் நடக்கும். யாரும் குழம்பியதில்லை.

இந்தச் சொல்லுக்குள் இருக்கிற கட்டியைக் கொஞ்சம் பாருங்கள். கைக்குழந்தையைத் தூக்கினால் வாயில் வருவது தங்கக்கட்டி, வெல்லக்கட்டி, சர்க்கரைக்கட்டி. யாழ்ப்பாணத்தில் பனைவெல்லத்துக்கே பனங்கட்டி என்றுதான் பெயர். உருண்டு திரண்டு கைக்கு அடக்கமாக இருப்பது கட்டி. அதே பிள்ளை ஏழெட்டு வயதாகி, எடுத்துவரச் சொன்ன செம்பைக் கீழே போட்டுவிட்டால் தங்கம் போய் மண் வந்துவிடுகிறது. கட்டி மட்டும் மாறுவதில்லை.

பேச்சில் இந்தச் சொல் ஆளைக் குறிப்பதைவிட, ஒன்றை இல்லாமல் ஆக்குவதற்குத்தான் அதிகம் பயன்படுகிறது. "படிப்பாவது மண்ணாங்கட்டியாவது", "ஜாதகமாவது மண்ணாங்கட்டியாவது". முதலில் வருவது என்னவாக இருந்தாலும் சரி, பின்னால் இது வந்து உட்கார்ந்ததும் முன்னது பொடிப்பொடி. "என்ன மண்ணாங்கட்டிக்கு இங்க வந்த?" என்று கேட்டால், காரணம் இருக்க வேண்டிய இடத்தில் மண்ணாங்கட்டி நிற்கிறது. "சம்பளம் போட்டுட்டாங்களா?" என்ற கேள்விக்கு வெறும் "மண்ணாங்கட்டி" என்றாலே பதில் முழுசாகிவிடும். கட்டியை எடுத்துவிட்டு மண்ணை மட்டும் வைத்தால் சாயல் வேறாகிறது. "அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்பதில் ஒரு வெட்டு இருக்கும். "எல்லாம் மண்ணாப் போச்சு" என்பது பெருமூச்சு. தோற்றவன் மண்ணைக் கவ்வுகிறான். பிழைப்பைக் கெடுத்தவன் வாயில் மண்ணைப் போடுகிறான். எவ்வளவு கோபமாக இருந்தாலும் மண்ணாங்கட்டியில் இவ்வளவு காரம் ஏறாது. நீளமான சொல், நடுவில் 'ணாங்' என்று ஓர் அசைவு. சொல்லி முடிப்பதற்குள் கோபம் பாதி இறங்கிவிடும். என் அம்மா என்னை மண்ணாங்கட்டி என்று திட்டிய நாட்களில் அடி விழுந்ததே இல்லை. "மண்ணு மாதிரி நிக்கிறான் பாரு" என்று அப்பா சொன்ன நாட்கள் வேறு.

அப்பா அதை நிறையவே சொல்லியிருக்கிறார். எனக்குக் கை பதறும். மடை திருப்பச் சொன்னால் வரப்பை உடைத்துவிடுவேன். ஏர் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது கொழு மேலே மேலே வந்துவிடும். சுற்றி வேலை செய்கிறவர்களுக்கு என்னைக் கூப்பிட நிறையச் சொற்கள் இருந்தன. தத்தி, மக்கு, மண்டு, அசமந்தம், கையாலாகாதவன். அசையாமல் நின்றுவிட்டால் "பிடிச்சுவச்ச பிள்ளையார்". இவற்றில் தத்தி ஒன்றுதான் என்னை உண்மையாகச் சுட்டியது. ஒன்றை எடுக்கப்போய் இன்னொன்றைத் தட்டிவிடுகிறவன் தத்தி. அவனுக்கு விஷயம் புரியும், கைதான் கேட்காது. மக்கு என்றால் கை நன்றாக இருக்கும், விஷயம் ஏறாது. மந்தமும் அசமந்தமும் வேகத்தைப் பற்றியவை. இதையெல்லாம் கலந்து ஒரே குழியில் போட்டு 'முட்டாள்' என்று இப்போது எழுதிவிடுகிறோம். திட்டுவதில்கூட எங்கள் ஊர்க்காரர்கள் ஆளைப் பார்த்து அளந்துதான் திட்டினார்கள்.

மக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது தெருவுக்குத் தெரு இரண்டு தொட்டி இருக்கிறது. ஒன்று மக்கும் குப்பை, இன்னொன்று மக்காத குப்பை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு லேசாகிறது. மக்குவதுதான் உரமாகும்.

சரி, கட்டிக்கு வருகிறேன். நிஜமான மண்கட்டிக்கு.

எங்கள் நிலம் பாதி செம்மண், பாதி களி. மேட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, பள்ளத்தில் நெல். மல்லாட்டை பிடுங்கும் சமயத்தில் மழை இல்லாமல் நிலம் இறுகிவிட்டால் செடி மட்டும் கையோடு வரும், காய் பூமியிலேயே நின்றுவிடும். அப்புறம் நிலத்தை உழுது புரட்டிவிட்டு, பிள்ளைகள் நாங்கள் கட்டி கட்டியாக உடைத்துக் காய் பொறுக்குவோம். ஒரு கட்டியைக் கையில் எடுத்தால் வெளியே ஒன்றும் தெரியாது. கல்லில் தட்டினால் இரண்டாகப் பிளக்கும். நடுவில், தனக்கென்று ஒரு பள்ளம் செய்துகொண்டு, இரட்டைப் பருப்புக் காய் ஒன்று படுத்திருக்கும். காயை எடுத்த பிறகும் அதன் தோலில் உள்ள கோடு ஒன்று விடாமல் மண்ணில் பதிந்திருக்கும். அந்தப் பதிவை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். "அங்க என்ன மண்ணு மாதிரி குந்திக்கினு இருக்க" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

பள்ளத்துக் களி அப்படி உடையாது. பாளம் பாளமாக எழும்பி, வெயிலில் செங்கல்லாகிக் கிடக்கும். மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அடிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அடித்தால் உள்ளங்கை கொப்புளித்துவிடும். அப்படி அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் பெரிய தாத்தா வந்து வரப்பில் நின்றார். அப்பாவைப் பார்த்து, "மண்ண ஏண்டா அடிக்கிற, பதம் பாக்காத ஒழுதது யாரு?" என்று கேட்டார்.

அப்பா பதில் பேசவில்லை. பெரிய தாத்தா குனிந்து, ஓரத்து நிழலில் இன்னும் ஈரம் இருந்த இடத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளினார். உள்ளங்கையில் வைத்து இறுக்கினார். உருண்டையானது. இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டார். தொப்பென்று விழுந்து உருண்டையாகவே கிடந்தது. "பாத்தியா? புடிச்சா புடிபடணும், உட்டா உதுரணும். அதான் பதம். இது இன்னம் ரெண்டு நாளு கெடக்கணும்" என்றார்.

களிமண்ணை ஈரத்தில் உழுதால் கொழு அதை அறுத்து மெழுகிக்கொண்டே போகும். மண்ணுக்குள் காற்றுப் போகிற வழி எல்லாம் அடைபட்டுவிடும். காய்ந்ததும் பாறைதான். அதையே ஒரேயடியாகக் காயவிட்டு உழுதாலும் பெரும் பெரும் பாளமாகத்தான் பெயரும். நடுவில் இரண்டொரு நாள் அது பொலபொலவென்று இருக்கும். அந்த நாளைத் தவறவிட்டவர்தான் கட்டியை உண்டாக்குகிறார். கட்டி என்று ஒரு மண் வகையே கிடையாது. நல்ல மண்ணில் பதம் தவறி ஏர் இறங்கினால் விழுவது அது.

நான் படித்த பள்ளியில் ஒரு வாத்தியார் இருந்தார். கணக்கு வராதவர்களை எழுப்பி நிறுத்தி, தலையில் விரல் முட்டியால் தட்டி, "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்பார். "களிமண்ணு சார்" என்று நாங்களே சொல்ல வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் களிமண்ணில் நின்றுவிட்டு வந்த பிள்ளைகள். சிலர் காலில் சேறு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டுச் சோறு எதிலிருந்து வருகிறதோ அதை எங்கள் வாயாலேயே கேவலமாகச் சொல்ல வைத்தார். அது அவமானம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பின்னால் தெரிந்தபோது, பெரிய தாத்தா கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது. பதம் பார்க்காமல் உழுதது யார்? அந்த வகுப்பில் எங்களைக் கட்டியாக்கியது எங்கள் தலையில் இருந்த மண் இல்லை. இதை நான் இன்றைக்கும் உறுதியாக நம்புகிறேன்.

வள்ளுவரும் கல்லாதவரை மண்ணோடு ஒப்பிட்டவர்தான். ஆனால் அவர் எந்த மண்ணைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். 'பயவாக் களரனையர் கல்லா தவர்' என்கிறார். களர் என்பது உப்புப் பூத்து, எதைப் போட்டாலும் முளைக்காத நிலம். எல்லா மண்ணையும் அவர் இழுக்கவில்லை. அடுத்த குறளில், நுட்பமான அறிவு இல்லாதவனின் அழகை 'மண்மாண் புனைபாவை யற்று' என்கிறார். மண்ணால் செய்து அலங்கரித்த பொம்மை. அங்கேயும் குறை பொம்மையின் வெற்று அலங்காரத்தில்தான். உழவு அதிகாரத்துக்கு வந்தால் தொனியே வேறு. 'தொடிப்புழுதி கஃசா உணக்கின்' என்று தொடங்குகிற குறளில், ஒரு பலம் புழுதி கால் பலமாகும் அளவுக்கு உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் தேவையில்லாமல் பயிர் செழிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார். மண் காய்வதை எடை போட்டுப் பார்த்த கண் அது. பெரிய தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் குறளை அவரிடம் சொல்லியிருந்தால், கால் பலம் அதிகமா குறைவா என்று வாதம் செய்திருப்பார்.

களிமண்ணைத் தலைக்குள் வைத்து இளக்காரம் பேசுகிறவர்கள் மானாமதுரைப் பக்கம் போய்ப் பார்க்கலாம். கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்கிற கடம் அங்கே களிமண்ணைத் தட்டித் தட்டித்தான் உருவாகிறது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஐயனார் கோயில்களில் புரவி எடுப்பு நடக்கும். மண் குதிரை செய்கிற வேளாரிடம் ஊரார் முதலில் கொடுப்பது பிடிமண். ஒரு கைப்பிடி மண், அவ்வளவுதான். அதை அவர் வாங்கிக்கொண்டால் திருவிழா உறுதியாகிவிட்டது என்று பொருள். பிழைப்புக்காக வேற்றூர் போய்க் குடியேறினவர்களும் குலதெய்வம் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய், அங்கே ஒரு கோயில் எழுப்பிக்கொள்வார்கள். ஒரு பிடி மண்ணுக்குள் தெய்வம் பயணம் போகும் என்று நம்புகிற ஊரில்தான், மண் என்றால் ஒன்றுமில்லை என்றும் பேசுகிறோம். இரண்டும் நம் வாயிலிருந்துதான் வருகின்றன.

ஆங்கிலத்திலும் இந்தப் பழக்கம் உண்டு. மண்கட்டிக்கு அவர்கள் சொல்வது கிளாட். மந்தமான ஆளுக்கும் அதேதான். கிளாட்ஹாப்பர் என்றால் கட்டி மேல் துள்ளித் துள்ளிப் போகிறவன், அதாவது ஏர் ஓட்டுகிறவன். பிறகு அது பட்டிக்காட்டானுக்கு ஆகி, நடக்கத் தெரியாதவனுக்கு ஆகி, கடைசியில் கனமான முரட்டு ஷூவுக்கும் பெயரானது. இதை முதன்முதலில் அகராதியில் பார்த்தபோது எனக்கு அப்பாவின் நடை கண்ணுக்குள் வந்தது. உழுத நிலத்தில் காலைத் தூக்கித் தூக்கித்தான் வைக்க முடியும், இல்லாவிட்டால் கட்டி தடுக்கி விழ வேண்டியதுதான். அறுபது வருஷம் அப்படி நடந்த கால், விழுப்புரத்துக் கடைவீதியில் சமதரையிலும் அப்படித்தான் எழும்பும். ஜவுளிக்கடைப் பையன்கள் அதைப் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த நடை தப்பில்லை. அதற்கு உரிய நிலம் அங்கே இல்லை.

ஆயா ஒரு கதை சொல்லும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். மண்ணாங்கட்டியும் காய்ந்த இலையும் காசிக்குப் போன கதை. காற்றடித்தால் மண்ணாங்கட்டி இலை மேல் உட்கார்ந்துகொள்ளும். மழை பெய்தால் இலை மண்ணாங்கட்டி மேல் கவிழ்ந்துகொள்ளும். காற்றும் மழையும் சேர்ந்து வந்த அன்றைக்கு இலை பறந்தது, மண்ணாங்கட்டி கரைந்தது. அவ்வளவுதான் கதை. சின்ன வயதில் அழுதிருக்கிறேன். நம் ஊர்க் கதைகளில் மண்ணாங்கட்டி வேறு எங்கே இப்படி ஒரு நண்பனாக வருகிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். அது பக்தியுள்ளது, துணைக்கு உயிரைக் கொடுப்பது. ஒரு இடத்திலும் கதை அதை மந்தமானது என்று சொல்வதில்லை.

என் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "நிஜமாவே கரையுமாப்பா?" என்று கேட்டாள். பள்ளத்திலிருந்து நன்றாகக் காய்ந்த கட்டி ஒன்றை எடுத்துவந்து கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் மெல்ல இறக்கினேன். முதலில் சத்தம் வந்தது, ஸ்ஸ் என்று. கட்டியின் எல்லாப் பக்கமும் ஊசிமுனைக் குமிழிகள். நுண்ணிய துளைகளுக்குள் தண்ணீர் சுற்றிலும் இருந்து ஏறும்போது, உள்ளே இருந்த காற்று நடுவில் மாட்டிக்கொண்டு நெருக்குப்படும். அது வெளியே வர மண்ணைப் பிளக்கும். விளிம்பு முதலில் சரிந்தது. பிறகு ஒரு பாளம், இன்னொரு பாளம். மண்வெட்டிக்கு அசையாத கட்டி சிறிது நேரத்தில் தானாகவே குவியலாகிவிட்டது. கோடை உழவில் கட்டி கிடந்தாலும் பெரிய தாத்தா ஏன் கவலைப்படவில்லை என்பது அன்று விளங்கியது. அதற்கு ஒரு கோடை மழை போதும். அடுத்து தொழுவத்துக்குப் பக்கத்து மண்ணிலிருந்து ஒரு கட்டியைப் போட்டோம். பல வருஷம் எருவைத் தின்ற மண். அது குமிழி விட்டது, ஆனால் லேசில் கலையவில்லை. மகள் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. "மண்ணு மாதிரி குந்தியிருக்கா" என்று பின்னாலிருந்து யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று நான் கவனமாக இருந்தேன்.

அச்சகத்தில் அன்றைக்கு சித்தப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணிடம், "முழுப் பேரையே போடும்மா. எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்" என்றார். தம்பி இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

பெண் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். தாம்பாளத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பத்திரிகையைக் கூடத்தில் ஆளுக்கு ஆள் கைமாற்றிப் படித்தார்கள். தம்பி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அது பெண்ணின் ஆயாவிடம் போனது. எழுபத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பெரிய தாத்தாவின் பெயரில் விரல் நின்றது. தலையை நிமிர்த்தி சித்தப்பாவைப் பார்த்தார்.

"ஒங்கப்பாருக்கு முன்ன எத்தினி போச்சு?"

"மூணு" என்றார் சித்தப்பா.

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். விரலை அந்தப் பெயர் மேலேயே வைத்திருந்தார்.